மேசைமேல் ஒரு செங்கல் கட்டடம்: மூச்சுத்திணறல் உள்ளவர்களும் செய்யலாம்

என் ஆலோசனை அறையின் சன்னல் திட்டில் ஓர் இரண்டடுக்குச் செங்கல் கட்டடம் நிற்பதை உங்களில் பலர் கவனித்திருப்பீர்கள். உயரம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். கீழே ஒரு கடை, மேலே குடியிருப்பு, பக்கச்சுவரில் வெளிறிப்போன விளம்பர எழுத்து, கூரையோரத்தில் துருவின் கசிவு. நுரையீரல் மருத்துவரின் அறையில் இதற்கு என்ன வேலை என்று கேட்காதவர் குறைவு. வெளியே வரிசையில் பலர் காத்திருக்கும்போது சொல்லி முடிக்க இயலாத செய்தி என்பதால் இங்கே எழுதுகிறேன். இதில் மருத்துவமும் உண்டு. நான் செய்த ஒரு பிழையும் உண்டு.

எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் சில ஆண்டுகளாக என்னிடம் சிகிச்சை பெற்று வருகிறார். நீராவி எஞ்சின் காலத்தில் ரயில்வேயின் லோகோ ஷெட்டில் பிட்டராகப் பணியாற்றியவர். புகைபிடிக்கும் பழக்கம் ஒருபோதும் இருந்ததில்லை. ஆயினும் இளமை முழுவதும் நிலக்கரிப் புகைக்கு நடுவே கழிந்தது. சி.ஓ.பி.டி. என்று நாங்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் அவருக்கு உள்ளது. பணி ஓய்வுக்குப் பின் அவர் தேடிக்கொண்ட பொழுதுபோக்கு, மாதிரி ரயில் பாதை. அமெரிக்காவில் வாழும் மகள் ஆண்டுதோறும் ஒரு கிட் அனுப்புவார். 1930களின் அமெரிக்கச் சிற்றூர் ஒன்று அவருடைய வீட்டு மேசையில் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது.

ஒருமுறை மூச்சிரைப்பு அதிகமாகி வந்தார். பசை, பெயின்ட், உப்புத்தாள் என்று அவர் சொல்லத் தொடங்கியதுமே, "இதையெல்லாம் அடியோடு நிறுத்திவிடுங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டேன். எந்தப் பசை, எந்தப் பெயின்ட், எந்த அறையில் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மூன்று மாதங்கள் கழித்து வந்தபோது ஸ்பைரோமெட்ரி எண்களில் மாற்றமில்லை. ஆனால் ஆறு நிமிட நடைச் சோதனையில் அவர் கடந்த தூரம் குறைந்திருந்தது. உடல் எடையும் குறைந்திருந்தது. "மேசையை மடிச்சு வச்ச நாளிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறதே இல்லை டாக்டர்" என்றார் அவருடைய மனைவி.

கட்டடம் செய்பவர் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவர் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அவர் பெயின்ட் வாங்கக் கடைக்கு நடப்பார். பழைய கட்டடங்களைப் பார்க்கத் தெருத்தெருவாகச் சுற்றுவார். மேசைக்கும் குழாயடிக்கும் பத்து முறை போய்வருவார். நான் நிறுத்தச் சொன்னது அவை அனைத்தையும்தான்.

"உங்களிடம் பிரிக்காத கிட் ஏதேனும் இருந்தால் கொடுங்கள், நானே செய்து பார்க்கிறேன்" என்று கேட்டேன். சற்றே ஐயத்துடன் ஒன்றைக் கொடுத்தார். அதுதான் சன்னல் திட்டில் நிற்பது.

இந்த உலகின் அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மிகுதியாகப் புழங்கும் அளவு எச்.ஓ. எனப்படுவது, அசல் பொருள் 87 மடங்கு சுருங்கியிருக்கும். 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள அமெரிக்க, ஐரோப்பிய ரயில் பாதை இதில் 16.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். 174 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் சரியாக 2 சென்டிமீட்டர். ஓர் அமெரிக்கச் செங்கல்லின் நீளம் 2.3 மில்லிமீட்டர், செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்துக் கோடு 0.1 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இத்தகைய நுண்ணிய வேலையைச் செய்பவர் முகத்தைப் பொருளுக்கு மிக அருகில் கொண்டுசெல்வது இயல்பு. ஆவியோ தூளோ எழுந்தால் அது ஒரு சாண் தொலைவில் உள்ள மூக்கினுள்தான் போகும். சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது.

எனக்குக் கிடைத்த கிட் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டது. நான்கு சுவர்கள், கூரைத் தகடு, ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சன்னல்கள், கதவுகள், புகைபோக்கி. வார்ப்பச்சிலிருந்து எளிதில் கழன்று வரப் பூசிய எண்ணெய்ப் பசை துண்டுகளில் இருக்கக்கூடும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். நான் பொறுமையின்றி இந்தப் படியைத் தாண்டினேன். பிற்பாடு ஒரு சுவரில் பெயின்ட் ஒட்டாமல் திட்டுத்திட்டாக விலகியது.

துண்டுகளைச் சட்டத்திலிருந்து முறித்து எடுக்கக் கூடாது. நிப்பரால் சற்றுத் தள்ளி வெட்டி, மீதியை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்க்க வேண்டும். இங்கே முதல் மருத்துவக் குறிப்பு. உலர்ந்த நிலையில் தேய்த்தால் நுண்தூள் பறக்கும். நீரில் தேய்க்கத்தக்க உப்புத்தாளைக் கேட்டு வாங்கி, ஒரு தட்டில் நீர் ஊற்றி அதிலேயே தேய்த்தால் தூள் சேறாகத் தட்டில் தங்கிவிடும். தேய்த்த பரப்பும் வழவழப்பாக வரும். ரெசின், பிளாஸ்டர் ஆகியவற்றில் வார்த்த கிட்டுகளுக்கு இது இன்னும் முக்கியம். லேசரால் வெட்டிய மரக் கிட்டுகளை நனைக்க இயலாது. அவற்றைக் கத்தியால் சீவுவதே நல்லது. சில மரங்களின் தூள், குறிப்பாக வட அமெரிக்காவின் மேற்கத்திய செந்தேவதாரு, ஆஸ்துமாவையே உண்டாக்கவல்லது என்பது தொழில்சார் மருத்துவத்தில் நன்கறியப்பட்ட செய்தி.

அடுத்தது பசை. பிளாஸ்டிக் சிமெண்ட் என்று விற்கப்படுவது உண்மையில் பசையன்று, கரைப்பான். பியூட்டனோன், அசிட்டோன் போன்றவை அதில் இருக்கும். இரு சுவர்களைச் செங்கோணத்தில் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியால் உட்புற மூலையைத் தொட்டால் போதும். நுண்குழாய் விளைவால் திரவம் தானாகவே இணைப்பு முழுவதும் ஓடும். இரு பரப்புகளும் சிறிதே கரைந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியான பின் அங்கே எஞ்சுவது பிளாஸ்டிக் மட்டுமே. அழகான வேதியியல்தான், ஆனால் ஆவியான அந்தக் கரைப்பான் எங்கே போயிற்று? ஒரு மூலைக்கு ஒரு துளி என்றால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் அதன்மேல் குனிந்திருப்பதுதான் தொல்லை. அந்தப் பெரியவர் அப்படித்தான் செய்துவந்தார், அதுவும் குளிருக்கு அஞ்சி எல்லாச் சன்னல்களையும் மூடிக்கொண்டு. ஒவ்வொரு தொடுகைக்குப் பின்னும் மூடியை மூடுவது என்ற ஒன்றை மட்டுமே நான் முதலில் மாற்றச் சொல்லியிருக்கலாம். லிமோனீன் கலந்த, ஆரஞ்சு மணமுள்ள சிமெண்ட்டும் கிடைக்கிறது, மெதுவாக ஆவியாகும்.

சூப்பர் குளூ எனப்படும் சயனோஅக்ரிலேட் வேறு வகை. அதன் ஆவி எரிச்சலூட்டுவதோடு, சிலரிடம் ஒவ்வாமையை உருவாக்கி ஆஸ்துமாவுக்கும் இட்டுச்செல்லும். இளகும் நுரையாக ஊற்றி மலை செய்யப் பயன்படும் பாலியூரித்தேன், இரண்டு புட்டிகளைக் கலந்து பூசும் சிலவகை வார்னிஷ் ஆகியவற்றிலுள்ள ஐசோசயனேட்டும் அப்படியே. ஒருமுறை ஒவ்வாமை வேரூன்றிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும். இத்தகைய தாக்கம் உடனே வராமல் நான்கு முதல் எட்டு மணிநேரம் கழித்தும் வரும் என்பதே இதில் ஏமாற்றும் கூறு. ஞாயிறு பிற்பகல் கட்டடம் செய்தவருக்கு ஞாயிறு நள்ளிரவில் இருமல். அவர் பழியை இரவு உண்ட தயிரின்மேல் போடுவார். தொழிற்சாலைப் பணியாளருக்கு விடுமுறை நாளில் மூச்சு சீராகும். பொழுதுபோக்காளருக்கு விடுமுறை நாளில்தான் கெடும். ஐயமிருந்தால் பீக் ஃப்ளோ மீட்டரில் காலையும் மாலையும் இரண்டு வாரம் ஊதி, எண்ணுக்குப் பக்கத்தில் அன்று செய்த வேலையையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தாள் எனக்குப் பல சோதனைகளைவிடப் பயன்படும்.

சன்னல் கண்ணாடியாக வைக்கும் தெளிந்த பிளாஸ்டிக்கை ஒட்ட சூப்பர் குளூவைப் பயன்படுத்தினால் அதன் ஆவி பட்டுக் கண்ணாடி பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையோ கறையின்றி, ஆவியின்றி உலரும். நுரையீரலுக்கு நல்லதே சன்னலுக்கும் நல்லது. இந்தப் பொழுதுபோக்கில் அப்படிப்பட்ட ஒற்றுமைகள் அடிக்கடி வரும்.

முகக்கவசம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கோவிட் காலத்தில் அறிமுகமான என்-95 தூளையும் துகளையும் தடுக்கும். கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. ஆவிக்குச் செயலூட்டிய கரி அடைத்த குடுவைக் கவசம் வேண்டும். அதை அணிந்து மூச்சு இழுப்பதே சி.ஓ.பி.டி. உள்ளவருக்குப் பெரும்பாடு. எனவே கவசத்தைத் தேடுமுன் பொருளை மாற்றுங்கள். அடுத்துக் காற்றோட்டத்தைப் பாருங்கள். சீலிங் ஃபேன் ஆவியை வெளியேற்றாது, அறைக்குள்ளேயே கலக்கும். முதுகுக்குப் பின்னாலிருந்து வீசும் காற்றும் முகத்துக்கு முன்னே சுழலாகி நின்றுவிடும். மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டு, காற்று ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குக் கடந்து வெளியேறுமாறு அமைத்துக்கொள்வதே சரி.

பெயின்ட்டில் கேள்வியே இல்லை: நீரில் கரையும் அக்ரிலிக், கையால் தூரிகை கொண்டு பூசுவது. ஸ்பிரே டப்பாவையும் ஏர்பிரஷ்ஷையும் நுரையீரல் நோயாளிகள் தொட வேண்டா என்பதில் மட்டும் என் பழைய கண்டிப்பு அப்படியே இருக்கிறது. அவை பெயின்ட்டை நுண்துளிகளாக்கிக் காற்றில் விடுகின்றன. நீரில் கரைவதாயினும் உள்ளே போனால் மூச்சுக்குழாய் அதை வரவேற்காது.

பூசி முடித்த கட்டடம் புதுப் பொம்மையாகத்தான் இருக்கும். அதற்கு வெயிலும் மழையும் புகையும் பட்ட தோற்றத்தை ஊட்டுவதை வெதரிங் என்கிறார்கள், பழமையூட்டல் எனலாம். கலிபோர்னியாவின் மான்டெரேயில் வாழ்ந்த ஜான் ஆலன் என்னும் புகைப்படக் கலைஞர் இதை ஒரு கலையாகவே வளர்த்தவர்களுள் முன்னோடி. அவருடைய மாதிரி ரயில் பாதையில் பெட்டிகளை இழுக்க எண் 13 தாங்கிய ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசரும் இருந்தது. 1973 ஜனவரியில் அவர் மாரடைப்பால் மறைந்தார்; சில நாட்களிலேயே அந்தப் பாதையின் பெரும்பகுதி தீக்கிரையானது. படங்களில் எஞ்சிய அவருடைய கரிபடிந்த, துருப்பிடித்த, சாய்ந்த கட்டடங்கள் இன்றும் பலருக்குப் பாடநூல்.

என் முதல் முயற்சி வெட்கத்துக்குரியது. கருப்பு மையை நீர்த்துச் சுவர் முழுவதும் ஒரே சீராகப் பூசினேன். பெரியவரிடம் காட்டியபோது நீண்ட நேரம் பார்த்தார். "சேத்துல முக்கி எடுத்த மாதிரி இருக்கு டாக்டர். அழுக்குக்கும் ஒரு காரணம் வேணும்ல?" என்றார். அன்று எனக்குரிய ஆலோசனை நேரத்தில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார்.

மழை எங்கே விழுகிறது, எந்த வழியில் இறங்குகிறது என்று முதலில் கேட்க வேண்டும். சன்னலுக்குக் கீழே நீண்டிருக்கும் கல்லின் இரு முனைகளிலிருந்தும் நீர் வழியும். ஆகவே கறை சன்னலின் நடுவில் அன்று, இரு ஓரங்களுக்குக் கீழே மீசைபோல் இறங்கும். இரும்பு ஆணி, கம்பி, பெயர்ப்பலகையின் தாங்கி ஆகியவற்றுக்குக் கீழே துரு ஒழுகும்; தொடங்கும் இடத்தில் அடர்ந்து, இறங்க இறங்க மெலியும். மழைநீர்க் குழாயின் பொருத்துவாய் கசிந்தால் அதையொட்டிச் சுவரில் பச்சை படரும். தரைமட்டத்தில் நீர் தெறித்து மண் நிறப் பட்டை ஒன்று உருவாகும். கூரை விளிம்பின் அடியில் மழை படாத இடத்தில் பழைய கரி அப்படியே தங்கும். மழை படும் இடம் கழுவப்பட்டு வெளிறும். வட அரைக்கோளத்தில் வடக்குச் சுவர் வெயில் குறைவாகப் பெறுவதால் அங்கே பாசி மிகும். தெற்குச் சுவரில் பெயின்ட் விரைந்து வெளுக்கும். ரயில் பாதையை ஒட்டிய பக்கம் மற்றவற்றைவிடக் கறுத்திருக்கும். ஒவ்வொரு கறைக்கும் பின்னால் ஒரு மூலம். எக்ஸ்ரேயில் ஒரு நிழலைக் கண்டால் நான் கேட்கும் கேள்விகளை அவர் செங்கல் சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

செய்முறைக்கு வருவோம். முதலில் சாந்துக் கோடு: வெளிர்சாம்பல் அக்ரிலிக்கை நன்கு நீர்த்துச் சுவரில் பரப்பி, சில நொடிகளில் ஈரத்துணியால் குறுக்குவாட்டில் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் நிறம் தங்கும். செங்கற்கள் எல்லாம் ஒரே சிவப்பில் இராமல் ஆங்காங்கே சிலவற்றுக்கு மட்டும் சற்று அடர்ந்த அல்லது வெளிறிய நிறம் கொடுங்கள். பதினைந்து இருபது கற்களே போதும்.

அடுத்தது மைக்கழுவல். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில துளி இந்தியன் இங்க் கலந்து பூசுவது பலருடைய வழக்கம். ஆல்கஹாலின் ஆவி மூச்சுக்குழாயை உறுத்தும். போதாக்குறைக்கு, சிலவகை மங்கல் வார்னிஷ்மேல் பட்டால் வெள்ளை பூத்துவிடும். நீரில் அதே மையைக் கலந்து, நீர் முத்துமுத்தாக உருளாமல் பரவுவதற்காக ஒரே ஒரு துளி பாத்திரச் சோப்பு விட்டால் அதே பயன் கிடைக்கிறது. உலர நேரமாகும், அவ்வளவுதான். கட்டடத்தை நிமிர்த்து வைத்தே பூசுங்கள். மழை எப்படி இறங்குமோ அப்படி மையும் இறங்கும்.

பிறகு சாக்குத்தூள். பாஸ்டெல் எனப்படும் மென்சுண்ணக் கட்டிகளை உப்புத்தாளில் உரசித் தூளாக்கித் தூரிகையால் தடவுவார்கள்; மிகுதியை வாயால் 'ஃபூ' என்று ஊதுவார்கள். ஊதியதும் மனிதர் அடுத்துச் செய்வது மூச்சை இழுப்பது! தூளெல்லாம் அப்போது முகத்துக்கு முன்னே மிதந்துகொண்டிருக்கும். கட்டியை நேரடியாக ஈரத் தூரிகையால் தொட்டுக் குழம்பாக்கிப் பூசிவிட்டால் தூளே எழாது. மிகுதியைக் காதுப்பஞ்சுக் குச்சியை நனைத்து ஒற்றி எடுக்கலாம். பழுப்பும் காவியும் கலந்தால் துரு. கருப்பும் சிறிது பழுப்பும் கலந்தால் புகைக்கரி. தனிக் கருப்பு மட்டும் வைத்தால் கரி போலத் தோன்றாது என்பது லோகோ ஷெட்காரர் சொன்னது. நிலக்கரிப் புகை படிந்து உலர்ந்தால் அதில் ஒரு செம்பழுப்பு எட்டிப்பார்க்கும் என்றார்; அதை நாற்பது ஆண்டுகள் பார்த்தவரிடம் நான் வாதிடவில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது உலர்தூரிகை முறை. வெளிர்நிறத்தைத் தொட்டு, அதில் பெரும்பகுதியைப் பழைய துணியில் துடைத்துவிட்டு, ஏறத்தாழ வெறுமையான தூரிகையால் செங்கல் விளிம்புகளை மேலோட்டமாகத் தடவுவது. தூளும் இல்லை, ஆவியும் இல்லை. மூச்சு மிக மோசமான நாளில்கூடச் செய்யலாம்.

கை நடுக்கம் பற்றிச் சொல்ல வேண்டும். சால்பியூட்டமால் போன்ற மூச்சுக்குழாய் விரிப்பி மருந்துகளை எடுத்த சிறிது நேரத்தில் சிலருக்கு விரல்கள் மெல்ல நடுங்கும். நோய் முற்றியதால் வந்த நடுக்கம் என்று அஞ்சிச் சிலர் இன்ஹேலரையே விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். அந்த ஒரு மணி இரண்டு மணிநேரத்தில் சுவரைக் கழுவுவது, பெயின்ட் கலப்பது போன்ற பெருவேலைகளைச் செய்யுங்கள். சன்னல் பொருத்துவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அமரும் முறையும் துணைசெய்யும். இரு முழங்கைகளையும் மேசையில் ஊன்றிச் சற்றே முன்சாய்ந்து அமர்ந்தால் கழுத்து, தோள் தசைகள் மார்புக்கூட்டை உயர்த்த உதவும். மூச்சிரைக்கும்போது நாங்கள் கற்றுத்தரும் நிலையே இது. கை நடுங்காமல் இருக்க மாதிரிக் கலைஞர்கள் கடைப்பிடிப்பதும் இதுவே. நுண்கோடு வரையும்போது மூச்சை அடக்கும் பழக்கம் நம் எல்லாரிடமும் உண்டு. சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் அப்படிச் செய்தால் அடுத்த மூச்சுக்குத் திண்டாடுவார்கள். உதடுகளைக் குவித்து மெல்ல மூச்சை விட்டுக்கொண்டே கோட்டை இழுங்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும் விலக்கே இல்லாதது. வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோர், ஆக்சிஜன் ஓடும் அறையில் ஆல்கஹால், தின்னர், பிளாஸ்டிக் சிமெண்ட், ஸ்பிரே எதையும் திறக்கக் கூடாது. ஆக்சிஜன் செறிந்த காற்றில் ஒரு சிறு பொறியும் நொடியில் பெருந்தீயாகும். ஒட்டும் வேலையை வேறோர் அறையில் பேரனோ மகளோ செய்து தரட்டும். நீர்ப் பெயின்ட்டும் வெள்ளைப் பசையும் உலர்தூரிகையும் உங்களுக்கு மிஞ்சியிருக்கின்றன.

பெரியவருடைய மேசை மீண்டும் விரிக்கப்பட்டு ஓராண்டுக்கு மேலாகிறது. நுரையீரல் எண்கள் உயரவில்லை. இந்நோயில் அவை உயர்வதும் அரிது. நடைச் சோதனையில் இழந்த தூரத்தில் பெரும்பகுதியை மீட்டுவிட்டார். இப்போது எஞ்சின் கொட்டகை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். கூரையிலுள்ள புகைக் கூண்டுகளைச் சுற்றிக் கரி எந்தப் பக்கம் அடர வேண்டும் என்பதை முடிவுசெய்ய, அந்த ஊரில் காற்று எத்திசையில் வீசும் என்று மகளிடம் கேட்டு எழுதியிருக்கிறாராம்.

உங்களிடமும் இத்தகைய மேசை இருந்தால், அது விமானமோ கப்பலோ கொலுப் பொம்மையோ எதுவாயினும், அடுத்த முறை வரும்போது நீங்கள் பயன்படுத்தும் புட்டிகளின் லேபிள்களைச் செல்பேசியில் படமெடுத்து வாருங்கள். புட்டிகளை நேரில் கொண்டுவர வேண்டா. காத்திருப்போர் அறையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு வருபவர்களும் இருக்கிறார்கள்.